சூசை மேரி முறுக்கிப் பார்த்த வளையல்கள்

விழுப்புரத்தில் விடிகாலையில் முதல் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் சூசை மேரியைத் தேட வேண்டியதே இல்லை. அலுமினியப் பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, கயிற்று வலை போட்டுக் கட்டி, தலையில் ஒரு கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். கோபுரத்தைப் பார்க்கத் தவறியவர்கள் கூட அவள் சிரிப்பைக் கேட்டுத் திரும்பிவிடுவார்கள். அப்படி ஒரு சிரிப்பு. வயலில் களை எடுக்கிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்து, "பாத்திரக்கார மேரி வந்துட்டா" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் குனிவார்கள்.

ஐம்பதுகளில் அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு அலுமினியம் புதுசு. மண் சட்டியையும் பித்தளையையும் பழகிய கைகளுக்கு அந்த லேசான சாமான் மீது நம்பிக்கை வரவில்லை. மேரி அந்த நம்பிக்கையை வெயிலை வைத்துச் சம்பாதித்தாள். பானையைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, வாய்க்குள் முகத்தை விட்டு, அடியையும் ஓரத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். வாங்குகிறவளையும் பார்க்கச் சொல்வாள். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பானை மூட்டைக்குத் திரும்பிப் போய்விடும்.

அப்படித் திரும்பிய பானைகள்தான் அவளுக்குக் கல்யாணம் பண்ணி வைத்தன. விழுப்புரத்தில் லாரி ரிப்பேர் ஷெட் ஒன்றில் தொம்மை என்று ஒரு வெல்டர் இருந்தான். சிவந்த கண், அளந்த பேச்சு, தன் வேலையில் மட்டும் அசாத்தியப் பெருமை. ஓட்டை விழுந்த பானைகளை அவனிடம் கொண்டுபோய் அடைக்கச் சொன்னாள் மேரி. அவன் அடைத்துக் கொடுத்தான். அவள் அங்கேயே ஷெட் வாசலில் பானையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு நட்சத்திரம் தெரியுதுங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். அதுவரைக்கும் தொம்மையின் வேலையை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை. முதல் தடவை கோபப்பட்டான். இரண்டாம் தடவை, அவள் வருவதற்குள் தானே வெயிலில் பிடித்துப் பார்த்து வைத்தான். அப்புறம் அவள் வருகிற கிழமைகளில் முகத்தை அலம்பிக்கொண்டு நிற்க ஆரம்பித்தான். ஷெட்டில் இருந்தவர்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டு, அவன் அப்பாவிடம் சொன்னார்கள். மேரியின் ஊர் திண்டிவனத்துக்குக் கிழக்கே. அந்த ஊரின் சின்ன மாதா கோயிலிலேயே, அறுவடை முடிந்த மாசத்தில், கல்யாணம் நடந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் மேரி பாத்திரத்தை விடவில்லை. அனந்தபுரம் சந்தை, மயிலத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் என்று வாரம் முழுக்க அலைந்தாள். அந்த அலைச்சலில் கிடைத்த சிநேகிதம்தான் தையல்நாயகி. அனந்தபுரத்திலிருந்து மயிலத்துக்குப் போகிற பாதையோரத்தில் அவள் வீடு. புருஷன் பாண்டுரங்கன் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுகிற குடியானவர். கொட்டகை நிறைய மாடு. புதுசு என்று எதைக் கேள்விப்பட்டாலும் அதை முதலில் தன் வீட்டில் செய்து பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

அந்த ஆசையில்தான் சாண எரிவாயு அவர் வீட்டுக்கு வந்தது. பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் நடராசன் என்று ஒரு அலுவலர் இருந்தார். பாண்டுரங்கன் வயசுதான். அவர் வந்து திட்டத்தை விளக்கிச் சொன்னதும் பாண்டுரங்கன் மறுநாளே கடப்பாரையை எடுத்துவிட்டார். கொட்டகைக்குப் பக்கத்தில் கிணறு மாதிரி ஒரு குழி. அதில் சாணத்தைக் கரைத்து ஊற்ற வேண்டும். மேலே ஒரு பெரிய இரும்புத் தொட்டியைக் கவிழ்த்து மிதக்க விட வேண்டும். சாணம் புளித்து வாயு கிளம்பினால் தொட்டி மெல்ல எழும்பும். தொட்டித் தலையிலிருந்து குழாய் வழியாக அடுப்புக்கு வாயு வரும்.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் மாட்டுக் கொட்டகை பாதைக்கு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். நடுவில் வண்டிப்பாதை, அதையொட்டி ஒரு வாய்க்கால். நிலத்துக்கடியில் புதைத்த இரும்புக் குழாயைச் சாணவாயுவே அரித்துத் தின்றது. குழாயோடு குழாயை முடுக்கிய மரை இருந்த இடமெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, ஒரே வருஷத்தில் அடுப்பு அணைந்தது. தையல்நாயகி மறுபடி சவுக்கு விறகுக்குப் போனாள். சாமான் விற்க வந்த மேரியிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே குறைப்பட்டாள். "ஒரு வருசம் ராணி மாரி சமைச்சன்டி மேரி. இப்ப பாரு, ஊதி ஊதி நெஞ்சு காஞ்சி போச்சு."

நடராசன் சும்மா இருக்கவில்லை. மெட்ராசில் ஒரு கண்காட்சியில் கறுப்புப் பிளாஸ்டிக் குழாயைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். துருப் பிடிக்காது, வாயுவும் அரிக்காது. சிரமப்பட்டு ஒரு வண்டிக் குழாய் வரவழைத்துக் கொடுத்தார். ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு நீளமுள்ள துண்டுகள். அவற்றைச் சூட்டிலேயே உருக்கி ஒட்ட வேண்டும் என்றார். ஒட்டுகிற ஆள் யார் என்று பேச்சு வந்தபோது, மேரி பாத்திர மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு, தன் வீட்டுக்காரன் இரும்பையே ஒட்டுகிறவன், பிளாஸ்டிக் எம்மாத்திரம் என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு ஊருக்குப் போய்த்தான் தொம்மையிடம் கேட்டாள்.

தொம்மை இரண்டு நாள் முறைத்தான். மூன்றாம் நாள் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினான். அது அறுபத்தாறாம் வருஷம், மாசி மாதக் கடைசி.

தோசைக்கல் போல ஒரு தட்டை இரும்பு, அதற்கு நீளக் கைப்பிடி. மண்ணெண்ணெய் அடுப்பில் அதைக் காய வைக்க வேண்டும். பாத்திர ஓட்டை அடைக்கிற ஈயத்தில் ஒரு சிட்டிகை வைத்துப் பார்த்து, அது உருகி ஓடினால் சூடு சரி என்று தொம்மை ஒரு கணக்கு வைத்துக்கொண்டான். காய்ந்த தகட்டின் இரண்டு பக்கமும் இரண்டு குழாய் முனைகளை வைத்து அழுத்தினால், முனைகள் நெய்யாகப் பளபளக்கும். உடனே தகட்டை உருவிவிட்டு, முனையோடு முனையைச் சேர்த்து, ஆறுகிற வரைக்கும் அசையாமல் பிடிக்க வேண்டும். அழுத்தத்தில் பிதுங்கிய பிளாஸ்டிக் ஒட்டைச் சுற்றி இரட்டை வரப்பு மாதிரி உருண்டு நிற்கும். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒரு முனைக்குத் தொம்மை, ஒரு முனைக்கு மேரி.

நடராசன் தனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னார். வரப்பு சுற்றிலும் ஒரே கனமாக இருக்க வேண்டும் என்பது வரைக்கும்தான் கண்காட்சியில் கற்றது. அதற்கு மேல் அவருக்கும் புதுசு. கூட இருந்து சேர்ந்தே பார்ப்போம் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயைத் தூக்க வந்துவிட்டார்.

முதலில் வெட்டுத் துண்டுகளில் ஒட்டிப் பழகினார்கள். ஒட்டியதை ரம்பத்தால் நீளவாட்டில் அறுத்துப் பார்த்தால், உள்ளே இரண்டு குழாய் என்பதற்கான அடையாளமே இல்லை. தொம்மை வாயெல்லாம் பல்லாக நின்றான். ஆனால் அப்படி அறுத்துப் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். குழாய் அளவோடுதான் வந்திருந்தது. இன்னொரு வண்டி கேட்டால் எப்போது வருமோ தெரியாது. பங்குனி உத்திரமோ வந்துகொண்டிருந்தது. மயிலத்துக்குக் காவடி தூக்கிப் போகிறவர்களுக்குப் பாண்டுரங்கன் வீட்டில் வருஷா வருஷம் விடிகாலையில் சுக்குக் காப்பி கொடுப்பார்கள். இந்த வருஷம் அதைச் சாணவாயு அடுப்பில்தான் போடப் போகிறேன் என்று அவர் அனந்தபுரம் சந்தை வரைக்கும் சொல்லி வைத்துவிட்டார். ஆகவே ஒட்டியதை அறுக்காமல், உடைக்காமல், வெளியிலிருந்தே அது நல்ல ஒட்டா என்று தெரிந்துகொண்டாக வேண்டும்.

மேரி பழக்க தோஷத்தில் முதல் ஒட்டை விரலால் சுண்டிப் பார்த்தாள். பித்தளை பேசும், அலுமினியம் பேசும். இது சாணித் தட்டை மாதிரி தொப்பென்றது. வெயிலுக்கு நேராகப் பிடித்தால் கன்னங்கரேல். "இது வாயும் தொறக்க மாட்டேங்குது, கண்ணும் தொறக்க மாட்டேங்குது" என்று அவள் சிரித்த சிரிப்பில் கொட்டகை மாடுகள் திரும்பிப் பார்த்தன.

வேலை ஜோராக நடந்தது. காலையில் கூழ் குடித்துவிட்டு ஆரம்பிப்பார்கள். பாண்டுரங்கனின் மருமகள் அம்சா, புதுசாக வந்த பெண், மாமியார் அசந்த நேரமெல்லாம் மேரியின் பக்கத்தில் வந்து குந்திக்கொள்வாள். மேரி ஊர் ஊராகக் கேட்ட கதைகளை எடுத்துவிடுவாள். தொம்மை ஒட்டு ஆறுகிற வரைக்கும் சிரிக்காதே, கை ஆடுகிறது என்று அதட்டுவான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடக்குவாள். அந்த அடக்கத்தைப் பார்த்து அம்சா சிரிப்பாள். அப்புறம் தொம்மைக்கே சிரிப்பு வந்துவிடும்.

வாய்க்கால் கரைக்கு வந்த அன்று மத்தியானம் மட்டும் காற்று. மண்ணை வாரி இறைக்கிற பங்குனிக் காற்று. அடுப்பு அணைந்து அணைந்து எரிந்தது. பாதையில் மல்லாட்டை வண்டிகள் வந்துவிட்டன, குழாயை ஓரம் போடச் சொல்லி வண்டிக்காரர்கள் சத்தம் போட்டார்கள். தொம்மை ஜல்தி ஜல்தி என்று ஒட்டி முடித்தான்.

குழாய் முழுசும் ஒட்டியானதும் சோதனை. ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்ப் வைத்து நடராசன் காற்றடித்தார். வளைந்த கண்ணாடிக் குழாயில் குங்குமத் தண்ணீர் ஊற்றி அதோடு இணைத்து வைத்தார்கள். காற்று கசிந்தால் அந்தச் சிவப்பு மட்டம் இறங்கிவிடும். மேரி சவுக்காரத் தண்ணீரில் துணியை முக்கி ஒவ்வொரு ஒட்டிலும் தடவிக்கொண்டே போனாள். எங்கேயும் ஒரு குமிழி இல்லை. சிவப்புத் தண்ணீர் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. பாண்டுரங்கன் மறுநாளே மண்ணைத் தள்ளி மூடிவிடலாம் என்று ஆளுக்குச் சொல்லியனுப்பினார்.

அன்று சாயந்திரம் தொம்மைக்கு ஒரு அழகுணர்ச்சி வந்தது. லாரி வேலையில் வெல்டிங் தழும்பைத் தேய்த்து வழவழப்பாக்குவது அவன் வழக்கம். குழாயில் துருத்திக்கொண்டிருந்த வரப்புகள் அவன் கண்ணை உறுத்தின. கூரான கத்தியை எடுத்து, வாய்க்கால் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, வரப்பைச் சுற்றி வாகாகச் சீவினான். ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி முழுசாக வந்தது. வாய் திறந்த கறுப்பு வளையல். ஒட்டு ஒட்டாகச் சீவிப் போட்டுக்கொண்டே போக, அம்சா பின்னாலேயே பொறுக்கி முந்தானையில் சேர்த்துக்கொண்டு வந்தாள்.

அவள் மேரியிடம் ஓடிவந்து கை நிறைய மாட்டிக் காட்டினாள். மேரியும் இரண்டை மாட்டிக்கொண்டாள். இன்னொன்றை அம்சா தன் மணிக்கட்டில் ஏற்றுவதற்காகக் கொஞ்சம் விரித்தாள். அது சத்தமே இல்லாமல், நீளவாக்கில், நடுவே பிரிந்து இரண்டு மெல்லிசு வளையலாகிவிட்டது.

"மேரியக்கா, ஒண்ணு ரெண்டாயிடுச்சி பாரு. எனக்கு லாபம்."

மேரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் கையிலிருந்ததைக் கழற்றி விரித்துப் பார்த்தாள். பிரியவில்லை. முறுக்கிப் பார்த்தாள். கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது, ஆனால் இரட்டை வரப்பும் ஒன்றையொன்று விடவில்லை. அம்சாவின் மடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முறுக்கினாள். இன்னொன்று நடுவே கீறிக்கொண்டு பிரிந்தது. அப்போது அவள் சிரிப்பு நின்றுபோனது. இந்த வளையல் ஒட்டிலிருந்து வந்ததுதானே. இதன் இரண்டு பாதியும் ஒன்றையொன்று சேராமல் சும்மா தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது என்றால், அடியிலிருக்கும் குழாய் மட்டும் எப்படிச் சேர்ந்திருக்கும். காற்றைத் தாங்கியது சரி. மேலே மல்லாட்டை மூட்டை ஏற்றிய வண்டி ஒரு போகம் முழுக்கப் போனால் தாங்குமா.

அம்சாவிடம் இது எந்த ஒட்டிலிருந்து எடுத்தது என்று கேட்டாள். அம்சா விழித்தாள். எல்லாம் ஒரே மடியில் கலந்து கிடந்தது. வாய்க்கால் பக்கம்தான் பொறுக்கினேன் என்பது வரைக்கும்தான் அவளுக்கு ஞாபகம்.

மேரி வாய்க்கால் கரைக்குப் போனாள். தொம்மை சீவிய ஒட்டுகள் எல்லாம் கண்ணாடியாக வழவழத்தன. எது நல்லது, எது கெட்டது என்று கண்ணுக்கும் தெரியவில்லை, நகத்துக்கும் தட்டவில்லை. எல்லாவற்றையும் அறுத்துவிட்டு மறுபடி ஒட்டலாம் என்றால் குழாய் நீளம் பற்றாது. அவள் குந்தியபடியே யோசித்தாள். யோசனை வந்தால் அவளுக்கு வெற்றிலை வேண்டும். இடுப்புப் பையை அவிழ்த்து வெற்றிலையை எடுத்து, விரலில் சுண்ணாம்பைத் தொட்டாள். தொட்ட விரலைப் பார்த்தாள். கறுப்புக் குழாயைப் பார்த்தாள்.

வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, சுண்ணாம்பைத் தண்ணீரில் இளக்கி, ஒரு ஒட்டின் மேல் பட்டையாகப் பூசினாள். கொஞ்சம் பொறுத்து, உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தாள். சுத்தமாகப் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதைத் துடைத்தபோது, குழாயைச் சுற்றிப் பாதி தூரத்துக்கு, தலைமயிர் கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு போகாமல் நின்றது. எச்சில் தொட்டுத் துடைத்தாள். கோடு அங்கேயே இருந்தது. அதற்கடுத்த ஒட்டிலும் ஒரு கோடு. அதற்கப்புறம் சீவியதில் ஒன்றிலும் இல்லை.

இப்போது தொம்மையிடம் சொல்ல வேண்டும். பாண்டுரங்கனும் நடராசனும் கொட்டகைப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மேரி அவர்களைக் கூப்பிடவில்லை. தொம்மையை மட்டும் கையசைத்து வரவழைத்தாள். பிரிந்த வளையல் இரண்டையும் அவன் உள்ளங்கையில் வைத்தாள். பிரியாத ஒன்றையும் கொடுத்து முறுக்கிப் பார்க்கச் சொன்னாள்.

அவன் முகம் இறுகியது. பம்ப் அடித்த காற்று உள்ளேயே நின்றது இல்லையா, ஒரு குமிழி வந்ததா, இன்னும் என்ன வேண்டும் உனக்கு என்று கேட்டான். ஊரே பார்க்க இப்போது அறுக்கச் சொல்கிறாயா என்றான்.

"ஊரு பாக்கலீங்க. நான் மட்டுந்தான் பாத்தேன்" என்றாள் மேரி. "அன்னிக்கு காத்து அடிச்சிது. தகடு ஆறிப்போச்சி. உங்க கை தப்பு பண்ணல."

தொம்மை வெள்ளைக் கோட்டின் மேல் கட்டை விரலை வைத்துத் தேய்த்தான். அப்புறம் அவனே போய் ரம்பத்தை எடுத்துவந்தான். அவனே நடராசனைக் கூப்பிட்டான். காற்றடித்த மத்தியானம் ஒட்டிய இரண்டு சரியில்லை, மாற்றப் போகிறேன் என்று தன் வாயாலேயே சொன்னான். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அறுத்து எடுத்த துண்டை முழங்காலில் வைத்து மடக்கினான். பிஸ்கட் மாதிரி, கோடு இருந்த இடத்தில் படக்கென்று விட்டது. உள்ளே முகம் இரண்டும் எண்ணெய் தடவினாற்போல மழமழவென்று இருந்தன. பாண்டுரங்கன் மறுநாள் மண் தள்ள வந்த ஆட்களுக்குக் கூழ் ஊற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்.

நடராசன் அன்றைக்குக் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். வளையல்களை வாங்கி வாங்கி முறுக்கினார். காற்றுச் சோதனை கசிவை மட்டும் காட்டும், ஒட்டின் பலத்தைக் காட்டாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மீதியிருந்த எல்லா ஒட்டிலும் வரப்பைச் சீவி, இந்த ஒட்டுக்கு இந்த வளையல் என்று அதனதன் மேலேயே கட்டித் தொங்கவிடச் சொன்னது அவர் யோசனை. மறுபடி கலந்துவிடக் கூடாது அல்லவா. குழாய் நெடுக வளையல் தொங்க, அம்சா மாமியாரைக் கூட்டிவந்து, பூமிக்கு வளைகாப்பு நடக்கிறது பாருங்கள் என்று காட்டினாள். தையல்நாயகி தலையிலடித்துக்கொண்டு சிரித்தாள்.

வாய்க்கால் ஒட்டு இரண்டையும் மறுபடி போடும்போது ஓலைத் தட்டியைக் காற்றுக்கு மறைவாகப் பிடித்தவர் பாண்டுரங்கனே. ஈயம் உருகி ஓடிய பிறகுதான் தொம்மை தகட்டைத் தூக்கினான். ஆறிய பின் சீவிய வளையல்களை அவனே மேரியிடம் நீட்டினான். அவள் முறுக்கினாள். விடவில்லை. சுண்ணாம்பு பூசித் துடைத்தாள். கோடில்லை. அவள் தலையாட்டியதும், தொம்மை அவளுக்காக வெற்றிலை மடித்துக் கொடுத்தான். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவன் செய்யாத காரியம் அது.

அறுத்த இடத்தில் குழாய் கொஞ்சம் குறைந்துபோனதால் அடுப்பைச் சுவர் ஓரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. தையல்நாயகிக்கு அதுவே வசதியாகப் போய்விட்டது.

உத்திரத்தன்று விடியற்காலையில் பாதை முழுக்கக் காவடிகளும் மஞ்சள் வேட்டிகளும் வேல் வேல் என்ற சத்தமும். தையல்நாயகி அடுப்பைத் திருகி நெருப்புக் காட்டினாள். புஸ்ஸென்று நீலமாக ஒரு வட்டம் பூத்தது. கரியில்லை, புகையில்லை. மேரி விற்ற பெரிய அலுமினியப் பானையில் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் கொதித்தன. செய்தி முன்னாடியே பரவியிருந்ததால், காப்பிக்கு நின்றவர்களைவிட அடுப்பைப் பார்க்க நின்றவர்கள் அதிகம். செஞ்சிப் பக்கத்துக் காவடிக்காரர் ஒருவர் லோட்டாவை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். சாணி வாடை வருமோ என்று சந்தேகம். ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாய் குடித்தார், அப்புறம் லோட்டாவை மறுபடி நீட்டினார். வாடை இருக்கிறதா என்று பாண்டுரங்கன் கேட்டதற்கு, இன்னொரு லோட்டா குடித்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார். பாதையில் சிரிப்பு பற்றிக்கொண்டது. அதில் மேரியின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

தொம்மை கூட்டத்துக்கு வெளியே, குழாய் புதைத்த மண்ணின் மேல் நின்றுகொண்டு, வண்டிகள் அதன் மேல் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். நடராசன் அவன் பக்கத்தில் போய் நின்று ஒரு லோட்டா காப்பியைக் கொடுத்தார். வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

அதற்குப் பிறகு ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். ஓமந்தூர் பக்கம் ஒரு தோட்டம், மயிலத்துக்குத் தெற்கே இரண்டு வீடு, கிணற்றுத் தண்ணீருக்கே பிளாஸ்டிக் குழாய் போட்ட ஒருவர். வாயுவோ தண்ணீரோ, ஒட்டு ஒட்டுதானே. மேரியின் தலையில் இப்போது பாத்திரக் கோபுரத்தோடு தகட்டுச் சாக்கும் சேர்ந்துகொண்டது. பாத்திரக்கார மேரி என்ற பேர் மெல்ல மாறி, வளையல் மேரி ஆனாள். வளையல் விற்கிறவள் என்று நினைத்து, ஒரு ஊரில் பெண்கள் கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றதும் உண்டு. அவர்களையும் அவள் சும்மா அனுப்பவில்லை. முறுக்கிப் பார்த்துத் தேறிய கறுப்பு வளையல்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு, அப்படியே இரண்டு குண்டானும் விற்றுவிட்டு வந்தாள்.

அவள் தொம்மையின் ஒட்டுகளைத் தள்ளாமலும் இல்லை. மாசத்துக்கு ஒன்றாவது தள்ளுவாள். அவன் முனகுவான், வாதாடுவான், சில நாள் மத்தியானச் சோறு வேண்டாம் என்று மரத்தடியில் போய் உட்காருவான். அவள் தட்டில் சோறு போட்டுக்கொண்டு போய் எதிரில் வைத்து, சாப்பிட்டுவிட்டு அறுங்கள் என்பாள். அவன் சாப்பிட்டுவிட்டு அறுப்பான். புருஷன் வேலையையே சந்தேகப்படுகிறாளே என்று யாராவது சொன்னால், கோபப்படுவது தொம்மைதான். அவள் பார்த்துச் சரியென்று சொன்ன எதுவும் இதுவரை விட்டதில்லை என்பான்.

அறுபத்தெட்டில் திண்டிவனத்தில் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றுக்கு வாயுக் குழாய் போடும் வேலை வந்தது. அந்த விடுதிச் சமையற்காரி இருதயமேரி, மேரியின் ஊர்க்காரி, சின்ன வயசுச் சிநேகிதி. வேலையைப் பார்க்க அவள் கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள். இரண்டு பேரும் பழைய கதை பேசிச் சிரிக்கிற சிரிப்பில் தொம்மைக்கு வேலை ஓடவில்லை. தகட்டைக் கீழே வைத்துவிட்டு, அவ்வளவு தைரியம் இருந்தால் இந்த ஒட்டை நீயே போடு, நான் சோதிக்கிறேன் என்றான்.

மேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஈயத்தை வைத்துப் பார்த்தாள், ஓடியது. முனைகளை அழுத்தினாள், பளபளத்தன. தகட்டை உருவினாள், சேர்த்தாள், பிடித்தாள். இருதயமேரி மறுமுனையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஆறுகிற வரைக்கும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், சிரிப்பை விழுங்கிக்கொண்டு நின்றார்கள்.

தொம்மை கத்தியைத் துடைத்து, நிதானமாக வரப்பைச் சீவினான். வளையலை வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தான். முறுக்கினான். விடவில்லை. திருப்பி முறுக்கினான். இத்தனை வருஷத்துக் கணக்கைத் தீர்க்கிறவன் மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு, விரல் சிவக்கிற வரைக்கும் முறுக்கினான். வளையல் கயிறாகத் திரிந்ததே தவிர, வரப்பு இரண்டும் ஒன்றையொன்று விடவில்லை. சுண்ணாம்பைப் பூசித் துடைத்தான். கோடில்லை. அவன் எழுந்து நின்று அவளைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் மலர்ந்தது. அந்த மாதிரி அவன் சிரித்து இருதயமேரி அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"நாளைலேருந்து நீ ஒட்டு. நான் முறுக்கறேன்" என்றான்.

விடுதி வேலையில் மீதி ஒட்டுகளில் பாதியை மேரிதான் போட்டாள். அதில் ஒன்றைத் தொம்மை தள்ளினான். அவள் வாதாடினாள், முனகினாள். அப்புறம் ரம்பத்தை எடுத்துவந்தாள்.